எட்டு பெல்ட்டும் மேசையில், ஆள் மட்டும் கூரையில்: பல்லேகலவிலிருந்து பன்விலவுக்கு ஒரு பரிசோதனைப் பயணம்

2025 பெப்ரவரி 13ஆம் திகதி, வியாழக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மறுநாள், நான் கண்டியிலிருந்து பல்லேகலவுக்கும் அங்கிருந்து பன்விலவுக்கும் சென்று வந்தேன். உல்லாசப் பயணம் அன்று. கண்டியில் கூரை வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் சிறிய முதலாளி ஒருவர், தம் தொழிலாளர்கள் உயரத்தில் அணியும் பாதுகாப்புப் பட்டிகளைப் பரிசோதித்துக் கையொப்பமிட வெளியாள் ஒருவர் தேவை என்று கேட்டிருந்தார். காப்புறுதிக்காரர்கள் அப்படி ஒரு கையொப்பத்தைக் கேட்கிறார்களாம். முப்பத்தொரு வருடங்கள் களஞ்சியங்களைப் பரிசோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பின்னும் இப்படிச் சில அழைப்புகள் வருகின்றன. இதே வேலையாக இதே பாதையில் போகவிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நேரம், தூரம், கட்டணம் அனைத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி மாட்டும் பட்டித் தொகுதிக்கு ஹார்னஸ் என்று பெயர். அதன் முதுகு வளையத்திலிருந்து உறுதியான ஓரிடத்துக்குக் கொளுவும் கயிற்றுக்கு லேன்யார்ட் என்று பெயர். வேலைத்தளத்தில் இந்த இரண்டு பெயரையும் எவரும் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்து "பெல்ட்". நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

கட்டுக்கலையிலுள்ள என் வீட்டிலிருந்து காலை 7.10க்குப் புறப்பட்டேன். பையில் இருந்தவை: வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி, அடிமட்டம், சிறிய டோர்ச், குறிப்புப் புத்தகம், பேனை இரண்டு. வெள்ளை விரிப்பை மறக்க வேண்டாம். பெல்ட்டை அதன்மேல் வைத்து உதறினால் துருத்தூளும் அறுந்த நாரும் தாமாகவே விழுந்து காட்டிக்கொடுக்கும். களஞ்சியத்தாரின் மேசையில் வைத்து உதறினால் ஒன்றும் தெரியாது. அந்த மேசையே அழுக்காக இருக்கும்.

திகனப் பக்கம் போகும் பஸ் 7.52க்குப் புறப்பட்டது. பலகையில் 7.45 என்று எழுதியிருந்தது. கட்டணம் 75 ரூபாய். 8.34க்குப் பல்லேகலவில் கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள் தெரியத் தொடங்கியதும் எழுந்து நின்றேன். இறங்குமிடத்திலிருந்து ஒப்பந்தக்காரரின் களஞ்சியத்துக்கு 600 மீற்றர். என் நடைக்கு ஒன்பது நிமிடம்.

களஞ்சியப் பொறுப்பாளரின் பெயர் தவராசா. வடக்கைச் சேர்ந்தவர், வயது ஐம்பதுக்கு மேல், கண்டிக்கு வந்து பல வருடங்களாகின்றன. நான் கதிரையில் அமர்வதற்கு முன்பே தேநீர் வந்துவிட்டது. கேட்காமல் தேநீர் தருபவர்களின் பொருட்களை நான் வழமையாக ஒரு தடவை கூடுதலாக எண்ணுவேன்.

"எட்டும் ஒரே நாளில் வாங்கியவையா?"

"ஓம் சேர். ஜனவரி ஆறாந் திகதி, திங்கட்கிழமை. பில் கிடக்கு, பாக்கிறியளோ?"

நான் கேளாமலே கிழமையையும் சேர்த்துச் சொன்னார். திகதிகளை நேசிப்பவன் என்று என்னைப் பற்றி யாரோ இவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

பதிவேட்டின்படி பழைய பெல்ட்டுகள் அனைத்தும் ஜனவரியில் வெட்டி அகற்றப்பட்டன. புதியவை எட்டும் பெயர் எழுதி எட்டுப் பேருக்கு வழங்கப்பட்டன. எட்டுப் பேரும் அன்று தொட்டு பன்விலவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையின் கூரைத் தகடுகளை மாற்றுகிறார்கள். பரிசோதனைக்காக எட்டு பெல்ட்டுகளும் பெப்ரவரி 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை களஞ்சியத்துக்கு வந்துவிட்டன. எல்லாம் வரிசையாக, ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தம் இல்லாமல் இருந்தது. ஐந்து வாரப் பதிவேட்டில் ஒரு திருத்தமும் இல்லையென்றால் அது ஒரே நாளில் எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

பரிசோதனையை 9.05க்குத் தொடங்கினேன். பட்டியை விரல்களுக்கிடையே வளைத்துப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். வெட்டோ நைவோ இருந்தால் வளைவில் வாய் திறக்கும். பிறகு தையல்கள், வளையங்கள், கொக்கியின் வாய் தானாக மூடுகிறதா என்பது, கடைசியாகப் பெயர்ச்சீட்டு. முதல் மூன்று பெல்ட்டுகளிலும் குறை இல்லை. தோள் பக்கம் வியர்வைக் கறை, தொடைப் பட்டியில் தகட்டுத் தூசி, அளவு மாற்றும் கொளுவியில் தேய்வு. ஐந்து வாரம் உழைத்த பெல்ட் இருக்க வேண்டியபடி இருந்தன.

நாலாம் இலக்கத்தை எடுத்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. வியர்வை இல்லை, தூசி இல்லை. தொழிற்சாலையில் மடித்த மடிப்புக்கூட அப்படியே இருந்தது. உருப்பெருக்கியால் பார்த்தேன்: தொடைப் பட்டியின் கொளுவி ஒரு தடவையேனும் இழுக்கப்படவில்லை.

"இது யாருடையது?"

"நாலாம் நம்பரோ? மாரிமுத்துவின்ர."

"மாரிமுத்து வியர்க்காத மனிதரா?"

தவராசா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அவர் சரியான சுத்தமான ஆள் சேர். சாமானைப் பவுன் மாதிரி வச்சிருப்பார்."

மற்ற நான்கையும் முடித்தேன். அவற்றில் குறை இல்லை. எழுந்து விரிப்பை மடிக்கும்போது மேசையிலிருந்த அவருடைய கைபேசி ஒலித்தது. அவர் எடுத்துக் காதில் வைப்பதற்குள் மறுமுனையில் ஒருவர் உரத்த குரலில் சொல்லி முடித்துவிட்டார்.

"அண்ணே, மாரிமுத்து அண்ணன் மொகட்டுலதான் இருக்காரு. நீளத் தகடு பன்னெண்டடி, இருவத்திரெண்டு வேணுமாம். எழுதிக்கங்க."

தவராசா கைபேசியை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நான் மேசையைப் பார்த்தேன். எட்டு பெல்ட்டுகளும் என் கண் முன்னால் கிடந்தன. பன்விலவில் ஒரு மனிதர் முகட்டில் இருக்கிறார்.

"அவர் எதை மாட்டிக்கொண்டு மேலே நிற்கிறார்?"

"சும்மா அளவெடுக்கத்தான் சேர் ஏறியிருப்பார்…"

"நான் கேட்டது அதுவல்ல. உடனே இறங்கச் சொல்லுங்கள்."

அவர் வெளியே சென்று பேசிவிட்டு வந்தார். "இறங்கிட்டார் சேர்." வெளியே சென்று பேசிய பேச்சை நான் நம்புவதில்லை. நாலாம் இலக்க பெல்ட்டை என் பையில் வைத்து, எடுத்துச் செல்வதாகப் பதிவேட்டில் ஒப்பமிட்டேன். வெளியில் வந்ததும் குறிப்புப் புத்தகத்தில் எழுதியது இது: "10.47. த. பொய் சொல்கிறார். மாரிமுத்துவின் பெயரில் கணக்குக்கு இரவல் பெல்ட் ஒன்றைக் காட்டிவிட்டு, அவருக்கு உரியதை விற்றிருக்கலாம். ஆள் வெறும் உடம்போடு கூரையில்."

பல்லேகல சந்தியில் முச்சக்கரவண்டி ஒன்றை அமர்த்தினேன். சாரதியின் பெயர் நஸீர். பன்விலவுக்கு மெனிக்ஹின்ன, வத்தேகம வழியாக 18.4 கிலோமீற்றர். பஸ்ஸில் போவதானால் வத்தேகமவில் மாற வேண்டும். அவகாசம் உள்ளவர்கள் அப்படியே போகலாம். எனக்கு அன்று அவகாசம் இல்லை. போக வர, காத்திருப்பையும் சேர்த்து 4,600 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டோம். ஆயினும் மீற்றரைப் போடச் சொல்லி, வீதியோரக் கிலோமீற்றர் கற்களோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

"மீட்டர் சரியாத்தான் ஈக்கி சேர். நீங்க அதப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. அழகா ஈக்கும்."

"வேகத்தைக் குறைத்தால் பார்க்கலாம்."

"அவசரம்னு சென்னது நீங்கதானே?"

வத்தேகமவில் மாத்தளை ரயிலுக்காகக் கடவையில் ஏழு நிமிடம் நின்றோம். அதன்பின் வீதி குறுகி வளையத் தொடங்குகிறது. வலது பக்கம் தேயிலை, அதற்கு மேலே முகில் மூடிய நக்கிள்ஸ் மலைகள். அழகிய இடம் என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் அன்று கூரைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

11.58க்கு, பன்வில நகரைத் தாண்டிய ஒரு வளைவில் அந்தத் தொழிற்சாலை தெரிந்தது. மூன்று மாடி; முகடு நிலத்திலிருந்து 38 அடி. முகட்டின் நடுவில் ஒருவர் குந்தியிருந்து அளவுநாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். "இறங்கிட்டார்" என்ற சொல்லுக்கு வயது ஒரு மணித்தியாலமும் பதினோரு நிமிடமும்.

நான் கூப்பிடவில்லை. முகட்டில் இருப்பவரைக் கீழேயிருந்து கத்தி அழைப்பது அவரைத் தள்ளிவிடுவதற்குச் சமம். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். அவர் உடம்பில் ஏதோ நீல நிறத்தில் மாட்டியிருந்தது தெரிந்தது. அப்படியானால் வெறும் உடம்பு அன்று. களஞ்சியத்தில் இல்லாத ஒன்பதாவது பெல்ட். என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது: வெட்டி அகற்றியதாக எழுதப்பட்ட பழையவற்றில் ஒன்று.

12.15க்கு ஏணி வழியாக இறங்கினார். நாற்பத்து நான்கு வயது, மெலிந்த தேகம், நரைத்த மீசை. இறங்கியதும் பெல்ட்டைக் கழற்றினார். முதுகுப் பக்கத்தை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு சுவரிலிருந்த சிறிய முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அங்கே நின்ற இன்னொரு தொழிலாளி, போகிற போக்கில் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கப் போனார்.

"வாங்க சார், ஒக்காருங்க," என்றார் மாரிமுத்து. "நீங்க வருவீங்கன்னு தவராசா அண்ணன் சொன்னாரு."

"வேறு என்ன சொன்னார்?"

"பெல்ட்ட ஒளிச்சு வையின்னாரு. நான் எதுக்கு சார் ஒளிக்கணும்? களவா எடுத்தேன்?"

ஒளிப்பவர்களைக் கையாள எனக்குத் தெரியும். ஒளிக்காதவரிடம் கேட்டுப் பழக்கமில்லை. பெல்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்க. சப்பாத்தக் கழட்டிட்டுத் தொடுங்க."

கயிறு கட்டும் சப்பாத்து. கழற்ற இரண்டு நிமிடமானது. அதற்குள் அவருடைய மனைவி லெட்சுமி சாப்பாட்டுக் கரியரோடு வந்துவிட்டார். தொழிற்சாலையை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நெற்றியில் கூடையின் கயிறு அழுத்திய தடம். எங்களுக்கு எதிரே ஒரு தகட்டுக் கட்டின்மேல் அமர்ந்து, நான் சப்பாத்தோடு போராடுவதை வேடிக்கை பார்த்தார்.

கதையை மாரிமுத்து சொன்னார். கலகெதரவில் ஒரு தண்ணீர்த் தாங்கிக்குச் சாயம் பூசும்போது பலகை புரண்டு விழுந்திருக்கிறார். இந்த பெல்ட் பிடித்துக்கொண்டது. அரை மணித்தியாலம் தொங்கினாராம். "அன்னையிலருந்து இது இல்லாம நான் மேல ஏறினதில்ல சார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இங்க உள்ள பயலுவ எல்லாம் தொட்டுட்டுத்தான் ஏறுவானுங்க. ரெண்டாயிரத்து இருவத்திரெண்டு, நவம்பர் பதினேழு, வெள்ளிக்கெழம."

"நவம்பர் 17 வியாழக்கிழமை," என்றேன்.

"வெள்ளி சார்."

"வியாழன்தான்," என்றார் லெட்சுமி. "மறுநா வெள்ளின்னுதானே அர்ச்சன பண்ணப் போனோம்? விழுந்த மனுசனுக்குக் கெழம மறந்துபோச்சு. சாருக்கு எப்படித் தெரியும்?"

"நாட்காட்டி, அம்மா."

அவர் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார் என்று நினைக்கிறேன்.

இப்போது பெல்ட். விரிப்பை நிலத்தில் விரித்து அதன்மேல் வைத்தேன். பட்டி வெயிலில் நிறம் கெட்டிருந்தது, நார் வெட்டுப்படவில்லை. லேன்யார்டின் நடுவிலுள்ள பொதி கறுப்பு வயர் டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. அந்தப் பொதிக்குள் மடித்துத் தைத்த பட்டி இருக்கும். விழும்போது தையல் கிழிந்து கிழிந்து மடிப்பு விரியும். விழுந்த வேகத்தை அதுதான் குடித்துக்கொள்ளும். "அது பிதுங்கிக்கிட்டு வெளிய வந்துருச்சு சார். நாந்தான் உள்ள தள்ளி டேப்பு சுத்தினேன்," என்றார் மாரிமுத்து, நல்ல வேலை செய்தவரின் குரலில்.

முதுகு வளையத்துக்குக் கீழே, பட்டியின்மேல், சந்தனமும் குங்குமமும் வருடக் கணக்கில் படிந்து ஓடாகக் காய்ந்திருந்தன. என் கைக்குட்டையின் நுனியை நனைத்தேன். மாரிமுத்துவின் கை முன்னால் வந்தது, பிறகு நின்றது. மெதுவாகத் துடைத்தேன். ஓடு கரைந்தது. அதன் கீழே இன்னொரு சிவப்பு தெரிந்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். சில பெல்ட்டுகளில் முதுகுப் பட்டியைச் சிறிதளவு மடித்து, மெல்லிய நூலால் வேண்டுமென்றே பலவீனமாகத் தைத்திருப்பார்கள். மடிப்புக்குள்ளே சிவப்பு நிறம் இருக்கும். ஆள் விழுந்த பாரம் ஏறினால் அந்த நூல் அறுந்து, மடிப்பு விரிந்து, சிவப்பு வெளியே தெரியும். இனி இதை எவரும் அணியக்கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். இங்கே நூல் அறுந்திருந்தது. மடிப்பு முழுவதும் விரிந்திருந்தது. அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், பார்த்து, அதன்மேலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை இரண்டு வருடங்களுக்கு மேலாகக் குங்குமத்துக்குக் கீழே கிடந்திருக்கிறது.

மாரிமுத்துவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். ஆனா புடிச்சுச்சுல்ல?"

"பிடித்தது. அதனால்தான் இனிப் பிடிக்காது."

"புடிச்சது புடிக்காது, புடிக்காத புதுசு புடிக்குமா? அது என்னைய ஒருநா தூக்கிருக்கா?"

சோறு பிசைந்துகொண்டிருந்த தொழிலாளி சிரித்தார். மாரிமுத்து முற்றத்தைக் காட்டினார். அங்கே மண் மூட்டைகள் கிடந்தன. "ஒன்னு செய்வோம். என் எடைக்கு ஒரு மூட்டையக் கட்டி, மேலருந்து தள்ளிப் பாப்போம். அறுந்தா ஒத்துக்கிறேன். அறுகலைன்னா நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

நியாயமான பேச்சு. நான் மறுத்தேன். இங்கே உண்மையை எழுத வேண்டும்: அறுந்துவிடும் என்ற நிச்சயம் எனக்கு இருக்கவில்லை. அந்தப் பட்டி இன்னொரு தடவை தாங்கவும் கூடும். அப்படித் தாங்கினால் நான் தோற்றேன், அதற்கு அடுத்த தடவை அவர் தோற்பார். பொதி விரிந்து முடிந்ததால், பட்டி அறாவிட்டாலும் விழும் அதிர்ச்சி முழுவதும் அவருடைய முதுகெலும்பில்தான் இறங்கும். மண் மூட்டைக்கு முதுகெலும்பு கிடையாது. இதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்த மௌனத்தை மாரிமுத்து வேறு விதமாக விளங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? ஒங்களுக்கே சந்தேகம்."

பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் மறுபடி முகட்டுக்கு ஏற வேண்டும். இன்னும் பாதிக் கூரை அளக்கப்படவில்லை. நான் கையொப்பமிடாவிட்டால் காப்புறுதி கிடைக்காது. அவரோ அதே பெல்ட்டோடு ஏறுவார். என்னிடம் இருந்தது பேனை மட்டுமே. பேனையால் எவரையும் முகட்டிலிருந்து இறக்க முடியாது.

அப்போது லெட்சுமி கரியரின் மூடியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், அந்த நூலு எத்தன தடவ அறும்?"

"ஒரு தடவை, அம்மா. ஒரு தடவைக்குத்தான் தைத்திருக்கிறார்கள்."

"அது அன்னைக்கே அறுந்துருச்சு."

"ஆம்."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஒங்களுக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு. அப்படித்தானே?"

"அப்படித்தான். அதத்தானே நானும் சொல்றேன்."

"வாங்கினது எங்க போச்சு? அதுக்குள்ளதானே கெடக்கு? திருஷ்டி கழிச்ச தேசிக்காய யாராச்சும் ரோட்டுலருந்து பொறுக்கிட்டு வந்து சோத்துல பிழிவாங்களா? நீங்க ரெண்டு வருசமா அதத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியிறீங்க. போதாததுக்குக் கண்ணுல வேற ஒத்திக்கிறீங்க!"

சிரித்த தொழிலாளி தன் வலது கையைப் பார்த்தார். பிறகு உடுத்திருந்த சாரத்தில் இரண்டு தடவை துடைத்தார். காலையிலும் மதியத்திலும் தொட்டுக் கும்பிட்ட கை அது.

மாரிமுத்து ஆணியைப் பார்த்தபடி மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். கை கழுவினார். தகட்டுக் கத்தரியை எடுத்து வந்து என் எதிரே குந்தினார். "எங்கெங்க வெட்டணும்னு சொல்லுங்க." நான் காட்டக் காட்ட அவரே வெட்டினார்: தோள்பட்டி இரண்டு, தொடைப்பட்டி இரண்டு, வளையத்தோடு கூடிய முதுகுத் துண்டு, லேன்யார்ட். மொத்தம் ஆறு. நேரம் 1.22. முதுகுத் துண்டை வெட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பையிலிருந்து நாலாம் இலக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வாரமாக அவர் பெயரில் இருந்த பெல்ட்டை அன்றுதான் முதன்முதலாக மாட்டினார். அளவு சரிசெய்ய ஒன்பது நிமிடம். "இடுக்குது," "கூசுது," "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று மூன்று முறைப்பாடுகள். லெட்சுமி மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவருடைய முதுகுப் பக்கம் போனார். நான் எழுந்தேன்.

"அம்மா, தையலில் வேண்டாம். இந்த வளையத்தில் வையுங்கள்."

"இரும்புலயா? அது போதுமா சார்?"

"பாரம் முழுவதையும் அதுதான் பிடிக்கிறது."

அவர் சிறிது யோசித்துவிட்டு வளையத்தில் வைத்தார். 1.50க்கு அந்த இடத்திலேயே கையொப்பமிட்டேன். இரண்டு மணிக்கு மாரிமுத்து ஏறினார்.

வெட்டிய ஆறு துண்டுகளையும் பதிவேட்டில் குறித்து ஒப்படைப்பதற்காக ஒரு சாக்கில் போட்டுப் படியருகே வைத்துவிட்டு, சப்பாத்து அணியவும் கை கழுவவும் போனேன். திரும்பி வந்து எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. முதுகுத் துண்டு இல்லை. கீழே நின்ற தொழிலாளியைக் கேட்டேன், தெரியாது என்றார். நஸீரைக் கேட்டேன், மனம் புண்பட்ட முகத்தோடு வண்டியின் பெட்டியைத் திறந்து காட்டினார். மாரிமுத்து முகட்டில் இருந்தார். லெட்சுமி எங்கே என்றேன்.

"கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாங்க சார். நேரமாச்சுல்ல."

2.18க்குப் புறப்பட்டோம். தொழிற்சாலையிலிருந்து 600 மீற்றர் கீழே மூன்று பாதைகள் சேரும் ஓரிடம் உண்டு. நஸீர் திடீரென்று வண்டியை ஒடித்து, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். என் தலை கம்பியில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். வீதியின் நடுவில் ஒரு சாண் நீளத்தில் நீலப்பட்டி, அதில் வளையம், அதில் துடைத்தும் போகாத குங்குமம்.

"ஏன் ஒடித்தீர்கள்?"

"குங்குமத்தோட நடுரோட்டுல ஒன்னு கெடந்தா யாரு சேர் மேல ஏத்துவா? நிப்பாட்டவா? ஒங்கட சாமான்தானே?"

விதிப்படி நான் இறங்கி அதை எடுத்திருக்க வேண்டும். வெட்டிய பெல்ட்டின் எல்லாத் துண்டுகளும் ஒப்படைக்கப்பட வேண்டும். வளையத்தை எடுத்து வேறொன்றில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் கிடந்த அந்தப் பொருளை எடுக்கத் துணிபவர் ஒருவரும் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது நஸீரின் ஒடிப்பிலேயே தெரிந்தது. எந்தக் களஞ்சியப் பூட்டும் அவ்வளவு உறுதியானது அன்று.

"வேண்டாம். போங்கள்," என்றேன்.

3.21க்குப் பல்லேகல. தவராசா இம்முறை தேநீர் தரவில்லை.

"நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று நினைத்தேன்," என்றேன்.

"நானோ? என்ன சேர் நீங்கள்!" அவர் கதிரையில் சாய்ந்தார். "அந்த மனிசன் பழசைத் தரமாட்டன் எண்டிட்டார். புதுசைப் போடாட்டி வேலை இல்லை எண்டு முதலாளி சொல்லுவார். ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கப் பாத்தன்."

"அவர் விழுந்திருந்தால் யாருக்கு நல்லவராக இருந்திருப்பீர்கள்?"

அவர் பதிவேட்டைத் திறந்து பேனையை என் பக்கம் நீட்டினார். காலையில் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். அடித்தாலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் "விற்கவில்லை; மறைத்தார்" என்று எழுதினேன். பதிவேட்டில் எழுதியது: "பழைய பெல்ட் ஒன்று ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டது. ஐந்து ஒப்படைக்கப்பட்டன. ஒன்று வீதியில் நேரில் காணப்பட்டது."

இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. காலை 8 மணிக்கு முன் நகரை விட்டுப் புறப்படுங்கள். பன்வில வீதியில் மாலை மழை பெய்தால் வளைவுகள் நல்லதன்று. களஞ்சியத்தில் காட்டப்படும் பெல்ட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வேலைத்தளத்துக்குப் போய், மேலே நிற்பவர் எதை மாட்டியிருக்கிறார் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அழுக்கானதை மட்டுமன்றி அளவுக்கு மீறிச் சுத்தமானதையும் சந்தேகியுங்கள். விழுந்தவரைத் தாங்கிய பெல்ட் எங்கே என்று எப்போதும் கேளுங்கள். அது இருக்கும் இடத்தை அறியாமல் கையொப்பமிட வேண்டாம். டேப் சுற்றியிருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். பொட்டு இருந்தால், அனுமதி கேட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, துடைத்துப் பாருங்கள். கயிறில்லாத சப்பாத்து அணிந்து செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பெப்ரவரி 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை, முகட்டு வேலை முடிந்தது என்று தவராசா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கூரை பளபளத்தது, அதன்மேல் மாரிமுத்து முதுகைக் காட்டியபடி நின்றார். அவர் அனுப்பிய படம் என்பதால் திகதியைச் சரிபார்த்தேன். பிறகு முதுகுப் பக்கத்தைப் பெரிதாக்கினேன். தோள்பட்டியில் வியர்வைக் கறை படிந்திருந்தது. பொட்டு வளையத்தில் இருந்தது. அதன் கீழே மடிப்பும் தையலும், ஒரு நூல் குறையாமல், தெளிவாகத் தெரிந்தன.